பதின்ம வயதில் இயேசுவின் பின்னே நடப்பது எப்படி?

தம்பி, நீ கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் அது உதவும். உனக்குப் பதினாறு வயது. விசுவாசக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வசனம் மனப்பாடம் செய்து வளர்ந்தவன். வருடாவருடம் வாலிபர் முகாமில் அழுது உன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறாய், சில நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. சபையில் ஒரு முகம், பள்ளியில் ஒரு முகம். ராத்திரியில் போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறாய். அப்பா அம்மா சொல்லிக்கொடுத்ததால்தான் நம்புகிறேனா என்ற சந்தேகமும் உள்ளே ஓடுகிறது. இந்த வயதில் ஒருவன் உண்மையாகவே சீஷனாக வாழ முடியுமா, இல்லை பெரியவனான பிறகுதான் அதெல்லாமா என்று கேட்டிருக்கிறாய்.

முடியும். வாலிபர்களோடு நெடுநாள் உட்கார்ந்து வேதம் படித்தவன் என்ற முறையில் தயங்காமல் சொல்கிறேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்தபோது, சீஷனாக இருப்பது என்றால் முகாமின் கடைசி இரவில் இருந்த அந்த உணர்வு எப்போதும் இருப்பது என்று நீ நினைத்திருக்கிறாய் என்று தோன்றியது. அந்த உணர்வு பொய் இல்லை. ஆண்டவர் அன்றைக்கு உன்னைத் தொட்டிருக்கலாம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர் தம் பின்னே வருகிறவர்களிடம் அப்படிப்பட்ட உணர்வைக் கேட்கவே இல்லை. லூக்கா 9:23-ல் அவர் சொல்வதைக் கவனி: "தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." அனுதினமும் என்றால் கணக்குப் பரீட்சை இருக்கும் செவ்வாய்க்கிழமையும் சேர்த்துத்தான். அன்றைக்குப் பாட்டு இருக்காது, கண்ணீர் வராது. ஆனாலும் அது பின்பற்றுகிற நாள்தான்.

இதற்கு வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் யோசியா ராஜா. எட்டு வயதில் சிங்காசனம் ஏறியவன். அவன் அப்பா ஆமோன் இரண்டே வருடம் ஆண்டு, சொந்த ஊழியக்காரராலேயே கொலைசெய்யப்பட்டவன், தேவனைத் தேடாதவன். பாட்டன் மனாசே தேவாலயத்துக்குள்ளேயே விக்கிரகத்தைக் கொண்டுபோய் வைத்தவன், கடைசிக் காலத்தில்தான் மனம் திரும்பினான். இந்த வீட்டிலிருந்து வந்த பையனைப் பற்றி 2 நாளாகமம் 34-ஆம் அதிகாரம் மூன்று கட்டமாகச் சொல்கிறது. ஆளுகையின் எட்டாம் வருடத்தில், அதாவது உன் வயதான பதினாறில், "தேவனைத் தேட ஆரம்பித்து" என்று இருக்கிறது. பன்னிரண்டாம் வருடத்தில், இருபது வயதில், தேசத்திலிருந்த விக்கிரகங்களை அகற்றத் தொடங்குகிறான். பதினெட்டாம் வருடத்தில், இருபத்தாறு வயதில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைக்கிறது. அதை வாசிக்கக் கேட்டதும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான்.

பதினாறுக்கும் இருபதுக்கும் நடுவே என்ன நடந்தது? வேதம் ஒன்றுமே சொல்லவில்லை. வெளியே தெரிகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை போலிருக்கிறது. அவன் கையில் அந்த நியாயப்பிரமாண புஸ்தகம்கூட இல்லை, அது பத்து வருடம் கழித்துத்தான் கிடைத்தது. இருந்தும் அந்த அமைதியான நான்கு வருடத்தைத்தான் வேதம் "தேட ஆரம்பித்து" என்று மதித்து எழுதுகிறது. உன் வயதில் ஆண்டவர் எதிர்பார்ப்பது அந்த ஆரம்பத்தைத்தான். யாருக்கும் தெரியாமல் தேடுவது, தெரிந்த அளவுக்குக் கீழ்ப்படிவது. மேடையும் மைக்கும் வந்தால் வரட்டும், வராமலும் போகட்டும். முகாம் முடிந்ததும் உன்னால் உலகத்தை மாற்ற முடியவில்லை என்பதால் உன் ஒப்புக்கொடுத்தல் வீண் என்று நினைக்காதே.

இனி, அப்பா அம்மாவின் விசுவாசமா என்னுடையதா என்ற கேள்வி. இந்தக் கேள்வி வந்ததே நல்லது என்று நான் நினைக்கிறேன். சாமுவேலைப் பார். பால் மறந்ததுமே ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டவன். கர்த்தருடைய பெட்டி இருந்த இடத்திலேயே படுத்துத் தூங்கினவன். பக்தியான சூழல் என்றால் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் 1 சாமுவேல் 3:7 சொல்கிறது: "சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்." ஆண்டவரின் சத்தத்தையே தன்னை வளர்த்த ஆசாரியன் ஏலியின் சத்தம் என்று நினைத்து மூன்று தடவை எழுந்து ஓடினான். அதற்காக ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடியும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டில் கேட்டு வளர்ந்தது ஒரு கட்டத்தில் உன்னை நேரடியாகக் கூப்பிடும் சத்தமாக மாற வேண்டும். அந்த இடத்தில்தான் நீ இப்போது நிற்கிறாய்.

அதே வீட்டில் வளர்ந்த இன்னும் இரண்டு பேரையும் மறக்காதே. ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்கள், ஆலய வேலையை முழுநேரமாகச் செய்தவர்கள். அவர்களும் கர்த்தரை அறியவில்லை என்று முந்தின அதிகாரம் சொல்கிறது. அந்த அறியாமைக்கும் சாமுவேலின் அறியாமைக்கும் எத்தனை தூரம்! ஒருவன் கூப்பிட்டால் எழுந்துவந்தான். மற்றவர்கள் அப்பா எச்சரித்தும் காது கொடுக்கவில்லை. பாடகர் குழு, கிட்டார், ஞாயிறு பள்ளி ஆசிரியர் வேலை எல்லாம் நல்லவை. ஆனால் சபை வேலையில் மும்முரமாக இருப்பதையே ஆண்டவரோடு நடப்பதாக எண்ணிக்கொள்ளும் ஆபத்து பெரியவர்களுக்கும் உண்டு, வாலிபர்களுக்கும் உண்டு.

பெற்றோரைப் பற்றி நீ ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டாய்: "அவர்களுக்கு என்னைப் புரிவதில்லை." நான் அதில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இயேசுவின் பதின்ம வயதைப் பற்றி நமக்குத் தெரிந்த கொஞ்சமும் இதைச் சுற்றித்தான் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, கேட்கவும் வினாவவும் செய்துகொண்டிருந்தார். மூன்று நாள் தேடி அலைந்த அம்மா, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்கிறாள். "என் பிதாவுக்கடுத்தவைகளில் நான் இருக்கவேண்டியதென்று அறியீர்களா" என்கிறார். அவர் சொன்னதை அவர்கள் உணர்ந்துகொள்ளவில்லை என்று அடுத்த வசனம் வெளிப்படையாகச் சொல்கிறது. சரி, பெற்றோருக்குப் புரியவில்லை. அப்புறம் என்ன செய்தார்? அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பிப்போய், அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். வெளியே ஊழியம் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. நடுவிலிருக்கும் சுமார் பதினெட்டு வருடங்களுக்கு லூக்கா ஒரே ஒரு வாக்கியம் எழுதுகிறார்: "ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் அதிகமதிகமாய் விருத்தியடைந்தார்."

தேவகுமாரனே வளர்ந்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அவருக்கும் குரல் உடைந்திருக்கும், முகத்தில் மீசை அரும்பியிருக்கும். வீட்டு வேலை, கைத்தொழில், ஓய்வுநாளில் ஜெப ஆலயம் என்று அந்த வருடங்கள் போயிருக்கும். அவருடைய ஞானஸ்நானத்தில் "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று பிதா சொன்னபோது அவர் ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை. பிதாவுக்குப் பிரியமாயிருந்தது நாசரேத்தில் ஒருவரும் கவனிக்காத அந்த வாழ்க்கையும் சேர்த்துத்தான் என்று நான் அதை வாசிக்கிறேன். ஆகவே அம்மா கூப்பிட்டவுடன் எழுந்துபோவதும், தங்கச்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும், கோபத்தில் கதவை அடித்துச் சாத்தாமலிருப்பதும் சீஷனுடைய வாழ்க்கைக்கு வெளியே இருக்கிற காரியங்கள் இல்லை. கருத்து வேறுபட்டால் சொல், மரியாதையாகச் சொல். எபேசியர் 6 பிள்ளைகளைக் கீழ்ப்படியச் சொன்ன கையோடு, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று அப்பாக்களுக்கும் சொல்கிறது. இதை வீட்டில் ஆயுதமாக எடுத்துப் பேசாதே, ஆனால் ஆண்டவர் உன் பக்கத்தையும் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கீழ்ப்படிதல் என்பது அடியையோ தவறான தொடுதலையோ மறைத்து வைப்பது இல்லை. வீட்டிலோ சபையிலோ யாராவது உன்னிடம் அப்படி நடந்தால், அவர் எவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தாலும், நம்பிக்கையான இன்னொரு பெரியவரிடம் உடனே சொல். முதல் ஆள் நம்பவில்லை என்றால் அடுத்தவரிடம் போ. அதைச் சொல்வதால் நீ ஆண்டவருடைய பெயரைக் கெடுக்கிறாய் என்று எவராவது சொன்னால் நம்பாதே.

வேத வாசிப்பு, ஜெபம் பற்றிப் பெரிதாகப் பேசப்போவதில்லை, ஏனென்றால் அவற்றின் அவசியம் உனக்குத் தெரியும், நடைமுறைதான் இடிக்கிறது. விடியற்காலை எழ முடியவில்லை என்ற குற்ற உணர்வை முதலில் இறக்கி வை. 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். இந்த வயதில் தூக்கம் வருகிற நேரமே உடலில் இயல்பாகப் பின்னே தள்ளிப்போகிறது. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35-ல் இருக்கிறது, உண்மை. தாவீது படுக்கையின்மேலும் இராச்சாமங்களிலும் அவரைத் தியானித்தான் என்று 63-ஆம் சங்கீதத்திலும் இருக்கிறது. உன் நாளில் எந்த நேரம் கலையாமல் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள். கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபி என்றுதான் மத்தேயு 6:6 சொல்கிறது, மணி சொல்லவில்லை.

எங்கே தொடங்குவது என்றால், மாற்கு சுவிசேஷம். பதினாறே அதிகாரம், ஓட்டமாகப் போகும். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் என்று வைத்துக்கொண்டு, படித்து முடித்ததும் ஒரு நோட்டில் ஒரே ஒரு கேள்வி எழுது: இன்றைக்கு இயேசு என்ன செய்தார், அதில் எனக்கு எது பிடிக்கவில்லை? பிடித்ததை எழுதச் சொல்வார்கள் எல்லாரும். பிடிக்காததை எழுதும்போதுதான் அவர் உன்னோடு வாதாட ஆரம்பிப்பார். ஜெபத்துக்கு வார்த்தை வராத நாளில் சங்கீதத்தை எடுத்து அப்படியே வாசி. 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. ஆண்டவரிடம் இப்படிப் பேசலாம் என்று தெரிந்தாலே பாதி ஜெபம் வந்துவிடும்.

இப்போது பள்ளி. இரண்டு முகம் என்று நீ எழுதியதில் வேதனை தெரிந்தது. இதில் உன் உடம்பும் மூளையும் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பின்விளைவை யோசித்து நிதானிக்க உதவுகிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது. இன்பத்துக்கும் பாராட்டுக்கும் துள்ளுகிற பகுதிகளோ பதின்ம வயதிலேயே வேகமெடுத்துவிடுகின்றன. அதிலும் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வயதுக்காரர்கள் தனியாக இருக்கும்போது செய்யாத துணிச்சலையெல்லாம் செய்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதை ஆதித் திருச்சபையின் போதகர் அகஸ்டீன் சுமார் 1,600 வருடத்துக்கு முன்பே தன்னைப் பற்றி எழுதிவைத்தார். பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேரிக்காய் மரத்தைக் காலி பண்ணினார். பசி இல்லை, பழமும் ருசியானது இல்லை, பன்றிக்குத்தான் போட்டார்கள். தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டேன் என்கிறார்.

இது சாக்கு இல்லை. ஆனால் தீர்வு எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டுகிறது. தனியாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது உன் வயதுக்கு ஆண்டவர் வைத்த வழி இல்லை. 2 தீமோத்தேயு 2:22-ஐ வாலிபர் கூட்டங்களில் பாதிதான் சொல்வார்கள்: பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகி ஓடு. மீதிப் பாதியைப் படி. "சுத்த இருதயத்தோடே கர்த்தரைத் தொழுதுகொள்ளுகிறவர்களுடனே" நீதியையும் விசுவாசத்தையும் அன்பையும் சமாதானத்தையும் நாடு என்று இருக்கிறது. ஓடச் சொன்ன அப்போஸ்தலன் பவுல், சேர்ந்து ஓட ஆட்களையும் கொடுக்கிறார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன தானியேலும் தனியாக இல்லை, அனனியா, மீஷாவேல், அசரியா என்று மூன்று பேர் கூட இருந்தார்கள். உன் வகுப்பில் ஒரே ஒரு விசுவாசி இருந்தால் போதும். வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஜெபித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவரும் இல்லை என்றால், சபையிலிருக்கிற ஒருவனோடு அதைச் செய்.

தானியேலிடம் இன்னொன்றும் கற்றுக்கொள்ள வேண்டும். அவன் எல்லாவற்றுக்கும் முரண்டு பிடிக்கவில்லை. கல்தேயரின் மொழியையும் எழுத்தையும் படித்தான், நன்றாகவே படித்தான். வேற்றுப் பெயர் வைத்தார்கள், அதற்கும் சண்டை போட்டதாக வேதத்தில் இல்லை. ராஜாவின் போஜனம் என்ற ஒரு இடத்தில் மட்டும் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று இருதயத்தில் தீர்மானித்தான். அதையும் கூச்சல் போட்டுச் செய்யவில்லை. அதிகாரியிடம் அனுமதி கேட்டான், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்றான். உன் பள்ளியில் அந்த இடம் எது என்று நீதான் ஜெபித்துக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பல பிள்ளைகளுக்கு அது பரீட்சையில் பார்த்து எழுதுவது. இன்னும் பலருக்கு வாட்ஸ்அப் குழு. ஒரு பெண்ணின் படத்தைப் போட்டுக் கேலி செய்வார்கள், ஒரு பையனுடைய நடையை வைத்துச் சிரிப்பார்கள். அங்கே நீ ஒரு வசனத்தைப் போட வேண்டாம். "இதை விடுங்கடா, அவன் பாவம்" என்று ஒரு வரி போடு. மறுநாள் அந்தக் கேலிக்கு ஆளானவன் பக்கத்தில் போய் உட்கார். இதற்கு விலை உண்டு, அடுத்த கேலி உன்மேல் வரலாம். சிலுவை எடுப்பது என்று ஆண்டவர் சொன்னது உன் வயதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

போன் விஷயம். நீ இதைத் தயங்கித் தயங்கி எழுதியிருந்தாய். எழுதியதே பெரிய காரியம். முதலில், உன் உடலில் எழும் ஆசை பாவம் இல்லை. அந்த உடலைப் படைத்தவர் அதை மிகவும் நன்றாயிருந்தது என்று கண்டார். ஈர்ப்பு வருவதும் சோதனை வருவதும் நீ கெட்டவன் என்பதற்கு அத்தாட்சி இல்லை. இயேசு "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவர்" என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. ஆனால் ஒரு மனுஷியைத் திரையில் பொருளாக்கிப் பார்ப்பது பாவம்தான், அதை மழுப்ப மாட்டேன். அவளும் தேவசாயலில் படைக்கப்பட்டவள். அந்தப் பழக்கம் உன் கண்ணையும், உன் வகுப்பிலிருக்கும் பெண்களை நீ பார்க்கிற விதத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கும்.

இதில் நான் அடிக்கடி பார்ப்பது என்னவென்றால், பிள்ளைகளை ஆண்டவரிடமிருந்து தூரமாகக் கொண்டுபோவது விழுந்ததைவிட, விழுந்த பிறகு வருகிற வெட்கம்தான். ராத்திரி விழுந்தவன், இந்த முகத்தோடு எப்படி ஜெபிப்பது என்று மறுநாள் ஜெபத்தை விடுகிறான். ஒரு வாரம் நல்லவனாக இருந்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று தள்ளிப்போடுகிறான். அந்த ஒரு வாரம் வருவதே இல்லை. 1 யோவான் 1:9 அந்த ஒரு வாரத்தைக் கேட்கவில்லை. பாவத்தை அறிக்கையிட்டால் மன்னித்துச் சுத்திகரிக்க "அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்கிறது. விழுந்த அதே ராத்திரி, அதே படுக்கையில், அறிக்கையிடு. பேதுருவை நினைத்துக்கொள். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தவனுக்கு ஆண்டவர் கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டுவைத்து, முதலில் சாப்பிடச் சொன்னார். அதன்பிறகுதான் "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்டார்.

அப்புறம், செய்ய வேண்டியதைச் செய். ராத்திரி போன் உன் அறையில் இருக்க வேண்டாம். அப்பாவிடம் கொடு, அல்லது கூடத்தில் சார்ஜ் போடு. காலை எழுப்ப ஒரு கடிகாரம் வாங்கிக்கொள். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் விழுகிறாய் என்று கவனி. பெரும்பாலும் தனிமை, சோர்வு, வீட்டில் சண்டை இவற்றுக்குப் பின்னால்தான் அது வரும். அப்படியானால் அந்தத் தனிமைக்கும் மருந்து தேவை. கடைசியாக, யாக்கோபு 5:16 சொல்கிறபடி ஒருவரிடம் வாயைத் திறந்து சொல். உன் வயது நண்பனாக மட்டும் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வருத்தப்படுவீர்கள், அவ்வளவுதான். உன்னைவிட மூத்த, நிதானமான, சபையில் நல்ல பெயருள்ள ஒரு அண்ணன் அல்லது மாமா வேண்டும். பெண்பிள்ளை இதைப் படித்தால், ஒரு அக்கா அல்லது அத்தை. அவரோடு நீ பேசுவது உன் பெற்றோருக்குத் தெரிந்தே இருக்கட்டும். நம் சந்திப்பை யாரிடமும் சொல்லாதே என்று சொல்கிறவரைத் தேர்ந்தெடுக்காதே.

அந்த மூத்தவர் இதற்கு மட்டும் இல்லை. தீமோத்தேயுவுக்குள் இருந்த விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளுக்குள்ளும் அம்மா ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். ஆனால் அதோடு நிற்காமல், பவுலே அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தார். பிரசங்கத்தைக் கேட்பதால் மட்டும் சீஷர்கள் உருவாகவில்லை. பன்னிரண்டு பேரும் இயேசுவோடு நடந்தார்கள், சாப்பிட்டார்கள், அவர் களைத்துத் தூங்கியதையும் அழுததையும் பார்த்தார்கள். விசுவாசியான ஒரு பெரியவர் கோபம் வந்தால் என்ன செய்கிறார், பணம் போதாதபோது எப்படி ஜெபிக்கிறார், மனைவியிடம் எப்படி மன்னிப்புக் கேட்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒரு வருட முகாமில் கிடைக்காதது கிடைக்கும். அப்படி ஒருவரை உனக்குப் பிடித்திருந்தால், அவர் கூப்பிடுவார் என்று காத்திருக்காதே. உங்களோடு மாதம் ஒரு தடவை பேசலாமா என்று நீயே போய்க் கேள். பெரும்பாலான பெரியவர்கள் தங்களிடம் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தே ஒதுங்கி இருக்கிறார்கள்.

சந்தேகத்தைப் பற்றி நீ பயந்து எழுதியிருக்கிறாய். யோவான் ஸ்நானன் இயேசுவைச் சுட்டிக்காட்டி "தேவ ஆட்டுக்குட்டி" என்று சொன்னவன். அவனே காவலில் கிடந்தபோது, வருகிறவர் நீர்தானா என்று ஆள் அனுப்பிக் கேட்டான். இயேசு அவனைத் திட்டவில்லை. நடந்துகொண்டிருக்கிறவற்றைப் போய்ச் சொல்லுங்கள் என்று சாட்சியை அனுப்பினார், கூட்டத்தின் முன் அவனைப் பாராட்டவும் செய்தார். கவனிக்க வேண்டியது, யோவான் தன் சந்தேகத்தை இயேசுவிடமே அனுப்பினான் என்பது. நீயும் அப்படியே செய். உன் கேள்விகளை எழுது. படைப்பைப் பற்றியா, துன்பத்தைப் பற்றியா, மற்ற மதத்து நண்பர்களைப் பற்றியா என்று பிரித்துக்கொள். உன் போதகரிடம் கொண்டுபோ. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பதில் வராது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9-ல் ஒரு அப்பா கதறினார். இயேசு அந்தப் பாதி விசுவாசத்தை வைத்தே அவர் பிள்ளையைச் சுகமாக்கினார்.

ஆனால் சில நேரம் சந்தேகம் மாதிரித் தெரிவது மனச்சோர்வாக இருக்கும். எதிலும் விருப்பமில்லை, தூக்கம் கெட்டது, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால், அதை ஆவிக்குரிய குறைவு என்று மட்டும் பார்க்காதே. இங்கிலாந்துப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1850 ஜனவரியில், பதினைந்து வயதில், பனிப்புயலால் வழி மாறி ஒரு சிறு ஆலயத்துக்குள் நுழைந்து மனம் திரும்பினவர், பிற்பாடு பல்லாயிரம் பேருக்குப் பிரசங்கித்தவர். அவரே வாழ்நாள் முழுக்க கடும் மனச்சோர்வோடு போராடினார், அதைப் பிரசங்கத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துச் சாக வேண்டும் என்று கேட்டபோது, தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். அப்படிப்பட்ட எண்ணம் வந்தால் அன்றைக்கே வீட்டில் சொல், டாக்டரைப் பார். ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று விரோதி இல்லை.

நண்பர்களிடம் இயேசுவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். சொல்ல வேண்டும், ஆனால் 1 பேதுரு 3:15 சொல்கிற முறையில். உன்னில் இருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிரு என்கிறது. கேட்கும்படியாக ஏதாவது உன் வாழ்க்கையில் தெரிய வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அவர்கள் நம்புவதைக் கேலி செய்யாதே. வாதத்தில் ஜெயித்து நண்பனை இழந்தால் அது லாபம் இல்லை. பார்த்து எழுத மறுத்த அன்றைக்கோ, கேலிக்கு ஆளானவன் பக்கத்தில் உட்கார்ந்த அன்றைக்கோ யாராவது ஏன்டா இப்படிச் செய்கிறாய் என்று கேட்பான். அப்போது இயேசுவின் பெயரைச் சொல்ல வெட்கப்படாதே, இரண்டு வாக்கியம் போதும். அவன் திருப்பி ஒரு கேள்வி கேட்டு உனக்குப் பதில் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல். ஞாயிற்றுக்கிழமை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு, திங்கட்கிழமை மறக்காமல் அவனிடம் போய்ச் சொல்.